என்கிரிப்ஷன் என்ற பொய் நிம்மதி

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை வட்டாரத்து ஷூ கம்பெனிகளிலும் தோல் ஷாப்புகளிலும் இணையம் வழியாகக் கோப்பு அனுப்புவது அன்றாட வேலை. வெளிநாட்டு பையரின் அடுத்த சீசன் டிசைன், கட்டிங் பேட்டர்ன், விலைப் பட்டியல், தொழிலாளர்களின் ஆதார், வங்கிக் கணக்கு விவரம் எனப் பலவும் இப்படித்தான் கைமாறுகின்றன. எந்தச் சேவையைப் பயன்படுத்துவது என்ற கேள்விக்குப் பரவலாகக் கிடைக்கும் பதில், “என்கிரிப்ஷன் உண்டு என்று போட்டிருக்கிறது, பயமில்லை” என்பதே. இந்த நம்பிக்கை தவறானது. தொழிலுக்கும் தொழிலாளிக்கும் கேடு தரக்கூடியது.

என்கிரிப்ஷன் என்ற ஒரே பெயரில் இருவேறு ஏற்பாடுகள் உள்ளன. முதல் வகையில் கோப்பு வழியிலும் சர்வரிலும் பூட்டப்பட்டிருக்கும். சாவி சேவை நிறுவனத்திடம் இருக்கும். கூகுள் டிரைவ், டிராப்பாக்ஸ் ஆகியவற்றின் சாதாரணக் கணக்குகளும் வீடிரான்ஸ்ஃபரும் இவ்வகை. இது வெளித் திருடனைத் தடுக்கும்; சாவி வைத்திருக்கும் நிறுவனத்தைத் தடுக்காது. இரண்டாம் வகையில் அனுப்புபவரின் கணினியிலேயே கோப்பு பூட்டப்பட்டு, பெறுபவரிடம் மட்டுமே திறக்கும். புரோட்டான் டிரைவ், டிரெசோரிட் போன்றவை இவ்வகை.

இந்த வேறுபாட்டின் விலையை வீடிரான்ஸ்ஃபரின் வரலாறே காட்டுகிறது. 2019 ஜூன் மாதம் அச்சேவையின் மின்னஞ்சல்கள் தவறான முகவரிகளுக்குப் போயின. லிங்க் கிடைத்தவர் எவரும் கோப்பை இறக்கிக்கொள்ளும் நிலை. என்கிரிப்ஷன் அங்கே உதவவில்லை. 2025 ஜூலையில், கோப்புகளை இயந்திரக் கற்றலுக்குப் பயன்படுத்த இடம் தருவதாகப் பொருள்படும் வாசகம் அதன் விதிமுறைகளில் நுழைந்தது. எதிர்ப்பு எழுந்த பிறகே அது நீக்கப்பட்டது. கோப்பைப் படிக்கவே முடியாத நிறுவனத்தைப் பற்றி இப்படியோர் அச்சம் எழ வழியில்லை.

கோப்பு அனுப்பப் பலரும் நாடும் வாட்ஸ்அப்பின் செய்திகள் இரண்டாம் வகையில் பூட்டப்படுகின்றன. ஆனால் கூகுள் டிரைவில் சேரும் அதன் பேக்கப்புக்கு அந்தப் பூட்டு வேண்டுமானால், பயன்படுத்துபவரே அமைப்புகளில் அதை இயக்க வேண்டும்.

“சின்ன யூனிட், நம்மிடம் யார் என்ன திருடப் போகிறார்கள்” என்ற வாதமும் நிற்காது. சிறு யூனிட்டின் கையில் இருப்பது பெரிய பிராண்டின் வெளிவராத டிசைன். அது கசிந்தால் அடுத்த ஆர்டர் போகும். ஆதார் நகல் கசிந்தால் அடிபடுவது தையல் மெஷினில் உட்கார்ந்திருக்கும் பெண் தொழிலாளி. அந்த விவரத்தைத் திரும்ப அழைக்க யாராலும் இயலாது. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், வேறொரு சேவை வழியாகத் தரவைக் கையாண்டாலும் பொறுப்பு அதை ஒப்படைத்த நிறுவனத்துக்கே என்கிறது. உரிய பாதுகாப்பு செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க அதில் இடமுண்டு.

ஆகவே சேவையைத் தேர்ந்தெடுக்கும்போது கேட்க வேண்டியவை: சாவி யாரிடம் இருக்கிறது? லிங்குக்குப் பாஸ்வேர்டும் காலக்கெடுவும் வைக்க முடியுமா? மென்பொருளை வெளியார் சோதித்திருக்கிறார்களா? மூன்றாவது கேள்வி முக்கியமானது; இரண்டாம் வகையைச் சேர்ந்த ‘மெகா’ என்ற சேவையிலும் 2022இல் சூரிச் ஆய்வாளர்கள் ஓட்டைகளைக் கண்டுபிடித்தார்கள். இவ்வகையில் பாஸ்வேர்டை மறந்தால் கோப்பை மீட்பது கடினம் என்பதால், மூலப்பிரதி கம்பெனியிலேயே இருக்க வேண்டும்.

பையர் வேறு சேவையைத்தான் கேட்கிறார் என்றாலும் வழி உண்டு. இலவச மென்பொருளான 7-ஜிப்பில் பாஸ்வேர்டு போட்டுக் கோப்பைப் பூட்டிய பிறகே ஏற்றி, பாஸ்வேர்டை அதே மின்னஞ்சலில் எழுதாமல் போனில் சொன்னால், எந்தச் சேவையானாலும் சாவி அனுப்பியவரிடமும் பெறுபவரிடமும் மட்டுமே இருக்கும்.