மரம் விழுந்ததா, வீழ்த்தினோமா?

பெருங்காற்று அடித்து ஓய்ந்த மறுநாள் காலை புறநகர்த் தெருக்களில் ஒரே பேச்சுத்தான் கேட்கும்: "மரம் விழுந்துவிட்டது!" சுவர் இடிந்தது, ஓடு நொறுங்கியது, மின்கம்பி அறுந்தது, எல்லாம் மரத்தின் கணக்கிலேயே எழுதப்படும். குற்றவாளி தெருவில் கிடக்கிறது. எதிர்வாதம் செய்ய அதற்கு வாயில்லை. ஆகவே வழக்கு முடிந்தது! அதோடு விட்டார்களா? விழாமல் நின்ற மரத்துக்கும் அன்றைக்கே தண்டனை எழுதப்படுகிறது. "இது கிழட்டு மரம், இன்றைக்கே வெட்டிவிடு" என்று அடுத்த வீட்டுக்காரர் சொல்ல, அதற்கடுத்த வீட்டுக்காரர் ஆமோதிக்க, மாலைக்குள் ரம்பம் வந்துவிடுகிறது.

இந்த வழக்கை மறுபடியும் விசாரித்தாக வேண்டும் என்கிறோம் நாம்.

இது பங்களாவாசிகளின் பொழுதுபோக்குப் பிரச்சினை என்று எண்ணிவிட வேண்டாம், தோழர்களே! 1955ல் பெரம்பூரில் இரயில் பெட்டித் தொழிற்சாலை வந்தது. அம்பத்தூரில் ஆலைகள் வந்தன. ஆவடியில் டாங்கித் தொழிற்சாலை வந்தது. அங்கே உழைத்தவர்கள் சம்பளத்தில் மிச்சம் பிடித்து அரை கிரவுண்டு, ஒரு கிரவுண்டு என்று மனை வாங்கினார்கள். மனை வாங்கியவர் கிணறு தோண்டினார். கிணற்றடியில் ஒரு தென்னை, வாசலில் ஒரு வேம்பு, கொல்லையில் ஒரு மா வைத்தார். வைத்தவர்களில் பலர் இன்று இல்லை. மரம் நிற்கிறது. அறுபது வயது மரம் அது. பேரப்பிள்ளைகளுக்கு நிழல் தருவதும் அதுதான். பேரப்பிள்ளைகள் தலையில் விழுமோ என்று பயப்பட வைப்பதும் அதுதான்.

பயம் பொய்யன்று. 2016 டிசம்பர் 12ந் தேதி வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது, ஒரே பகலில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. வண்டலூர் உயிரியல் பூங்காவையே மூடிவைக்க நேர்ந்தது. மடகாஸ்கரிலிருந்து வந்த செம்மயிற்கொன்றையும், அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த தூங்குமூஞ்சியும் ஏராளமாக விழுந்தன. அவசரத்தில் வளர்ந்த மரங்கள். காற்றுக்கு ஈடு கொடுக்கவில்லை. ஆனால் நாட்டு மரங்களும் விழுந்தனவே, அவை ஏன் விழுந்தன? சாய்ந்து கிடந்த மரங்களின் தூரைப் பார்த்தவர்களுக்கு விடை தெரியும். பல மரங்களுக்கு ஒரு பக்கம் வேரே இல்லை.

வேர் எங்கே போயிற்று? ஆணிவேர் பாதாளம் வரை இறங்கி மரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். வளர்ந்த மரத்தின் வேர்களில் பெரும்பகுதி மேலே உள்ள மூன்றடி மண்ணுக்குள்தான் ஓடுகிறது. உணவு தேடும் சல்லிவேர் அதற்கும் மேலே, ஒன்றரை அடிக்குள். ஆழத்தைக் காட்டிலும் அகலத்தில்தான் மரத்தின் பிடிப்பு இருக்கிறது. நிழல் விழும் எல்லையையும் தாண்டிப் பரவுகிற வேர் அது. அந்த வேரின் குறுக்கேதான் கழிவுநீர்க் குழாய்க்குப் பள்ளம் தோண்டுகிறோம். சுற்றுச் சுவருக்குக் கடைக்கால் போடுகிறோம். பள்ளம் தோண்டியவர் கையில் அகப்பட்ட பக்கவேர், தொடை பருமன் இருந்தாலும், கோடாரிக்கு இரண்டு வெட்டு. பள்ளம் மூடப்படுகிறது. மரம் உடனே விழுவதில்லை, அதுதான் வினை! ஐந்தாண்டு, பத்தாண்டு ஊனத்தோடு நின்று, மண் ஊறிய ஒரு மழைநாளில் சாய்கிறது. வேரை வெட்டிய கை அதற்குள் மறந்துபோயிருக்கும். குற்றம் காற்றின் மீது, அல்லது மரத்தின் வயதின் மீது!

அடுத்த கொடுமை சிமெண்டு. வாசல் அழகாக இருக்கட்டும் என்று மரத்தின் கழுத்து வரை தளம் போட்டுவிடுகிறார்கள். வேருக்கு நீர் மட்டும் போதாது, காற்றும் வேண்டும். தளத்துக்கடியில் இரண்டும் இல்லை. 2013ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், டெல்லியில் மரங்களைச் சுற்றி ஒரு மீட்டர் வரையிலான சிமெண்டுத் தளத்தைப் பெயர்த்து எடுக்கும்படி உத்தரவிட்டது. டெல்லி மரத்துக்கு மூச்சு வேண்டும். ஆவடி மரத்துக்கு வேண்டாமா?

"எங்கள் மரத்தில் பொந்து விழுந்துவிட்டது, இனி நிற்காது" என்பார்கள். அம்பத்தூரில் சைக்கிள் செய்த தொழிலாளியைக் கேளுங்கள், சொல்வார். சைக்கிள் சட்டம் குழாய்தான், உள்ளே ஒன்றுமில்லை. ஆளைச் சுமக்கவில்லையா? மரத்தின் நடுவிலுள்ள வைரம் உயிரற்ற கட்டை. உயிர் ஓடுவது பட்டையை ஒட்டிய வெளிப்பகுதியில். சுற்றுச்சுவர் கனமாக, முழு வட்டமாக இருக்குமானால் பொந்து மரமும் நெடுங்காலம் நிற்கும். சுவர் மெலிந்தாலோ, ஒரு பக்கம் பிளந்தாலோதான் ஆபத்து. பொந்தில் சிமெண்டு அடைத்துப் பலப்படுத்துவது பழைய வைத்தியம். அமெரிக்க வனத்துறை விஞ்ஞானி அலெக்ஸ் ஷைகோ ஏராளமான மரங்களை அறுத்துப் பார்த்துச் சொன்னார்: மரத்தின் புண் நம் உடம்புப் புண்ணைப் போல ஆறுவதில்லை, கெட்ட பகுதியை உள்ளுக்குள்ளேயே சுவர் எழுப்பி ஒதுக்கிவிட்டு, மேலே புதிய கட்டையை மரம் வளர்க்கிறது. சிமெண்டை அடைக்கப் பொந்தைச் சுரண்டினால் அந்தச் சுவர் உடைகிறது. நாம் வைத்தியம் என்று செய்தது உபத்திரவம்!

இனி, கவ்வாத்து. கவ்வாத்து என்ற பெயரில் நடப்பது மொட்டையடிப்பு. தலையை மழித்துவிட்டால் மரம் வெறிகொண்டு துளிர்க்கிறது, வீட்டுக்காரருக்கு மகிழ்ச்சி. அந்தத் துளிர் தடியின் உள்ளிருந்து வேரூன்றி வந்த கிளை அன்று, தோல்மேல் ஒட்டிய கிளை. நாலைந்து வருஷத்தில் பருத்து, அடுத்த புயலில் முதலில் பிய்ந்து விழுவது அதுதான். ஏன் இப்படி வெட்டுகிறார்கள்? பல இடங்களில் கூலியே விறகுதானே! விறகு கூலியானால் வெட்டு பெரிதாகத்தான் இருக்கும். பணமாகக் கூலி கொடுங்கள். பட்ட கிளை, ஒன்றோடொன்று உரசும் கிளை, கூரைமேல் தொங்கும் கிளை ஆகியவற்றை மட்டும் எடுக்கச் சொல்லுங்கள். கிளை தடியோடு சேருமிடத்தில் கழுத்துப்பட்டை போலப் புடைத்திருக்கும். அந்தப் புடைப்பை விட்டு, அதற்கு வெளியே அறுக்க வேண்டும். அறுக்குமுன் கீழ்ப்புறம் ஒரு வெட்டுக் கொடுத்தால் பட்டை கிழியாது. வயதான மரத்தில் ஒரே தடவையில் நாலில் ஒரு பங்கு இலையைக்கூட எடுக்கக் கூடாது.

அந்தக் கிளையில் ஏறுகிறவர் யார்? அவரைப் பற்றி எவரும் பேசுவதில்லை. இடுப்பில் கயிறில்லை, தலையில் கவசமில்லை, பக்கத்தில் மின்கம்பி, கையில் அரிவாள். விழுந்தால் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரி வாசல் வரை வருவார். அப்புறம்? 1982லேயே உடலுழைப்புத் தொழிலாளர்களுக்கென்று தமிழ்நாட்டில் சட்டம் வந்தது, நலவாரியங்கள் அமைந்தன. மரமேறும் இந்தத் தோழர் எதிலாவது பதிந்திருக்கிறாரா என்று, அவரை அழைக்கிற வீட்டுக்காரர் ஒருவராவது கேட்டதுண்டா? மின்சாரத்தை நிறுத்தாமல் கம்பியோரம் ஆளை ஏற்றுவது கொலைக்குச் சமம் என்கிறோம். பாதுகாப்புக் கயிறும் கூலியோடு சேர்ந்த செலவே.

"என் மனை, என் மரம், வைப்பேன், வெட்டுவேன், கேட்க நீர் யார்?" என்று சிலர் கேட்கலாம். மரம் உமது, விழுகிற பக்கம் பொதுத் தெரு! மலைப் பகுதி மரங்களுக்குத் தமிழ்நாட்டில் 1955லேயே பாதுகாப்புச் சட்டம் உண்டு; மராட்டியம் 1975ல் தன் நகர மரங்களுக்கு ஒரு சட்டம் செய்தது. நம் புறநகர் மனையில் நிற்கும் வேம்பை அந்த மலைச் சட்டம் எட்டிப் பார்ப்பதில்லை. ஆவடி 2019லும் தாம்பரம் 2021லும் மாநகராட்சிகள் ஆயின. வீட்டுவரி வாங்குகிற மாநகராட்சி, மழைக்கு முன் வார்டுக்கு ஒரு மரமறிந்த ஆளையாவது அனுப்பக் கூடாதா? குழாய்ப் பள்ளத்துக்கு அனுமதி தரும்போது, மரத்துக்கு இத்தனை அடி தள்ளித் தோண்டு என்று ஒரு வரி எழுதினால் மை தீர்ந்துவிடுமா?

எல்லா மரத்தையும் எப்படியாவது வைத்துக்கொள்ளுங்கள் என்று நாம் சொல்லவில்லை. புதிதாக ஒரு பக்கம் சாய ஆரம்பித்த மரம், சாய்வுக்கு எதிர்ப்புறம் மண் பொருமி வெடித்த மரம், தூரைச் சுற்றிக் காளான் தட்டுத் தட்டாய் முளைத்த மரம், உச்சி பட்டுக் கீழே இறங்கும் மரம்: இவற்றை அறிந்தவரிடம் காட்டி, அவர் வெட்டு என்றால் வெட்டத்தான் வேண்டும். குழந்தை உறங்கும் கூரையைவிட மரம் பெரிதன்று. ஆனால் வயதுக்காக மட்டும் வெட்டாதீர்கள். அடையாறு ஆலமரத்தின் தாய்த்தடி 1989 புயலில் சாய்ந்தது. விழுதுகளின் மேல் அந்த மரம் உயிரோடு இருக்கிறது.

ஐப்பசிக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். தெருவுக்கு நாலு தோழர்கள், ஒரு கடப்பாரை. வீட்டுக்காரரைக் கேட்டுக்கொண்டு, தூரைச் சுற்றி ஒரு மீட்டர் தளத்தை வேரில் படாமல் பெயர்த்துவிடுங்கள். சருகைக் கொளுத்தாமல் அங்கே பரப்புங்கள்; தடியை ஒட்டிக் குவிக்க வேண்டாம், பட்டை அழுகும். எந்தக் கட்சியின் தட்டியானாலும் சரி, மரத்தில் அடித்த ஆணியையும் அப்போதே பிடுங்கிவிடுங்கள்.