நாற்பதில் கேட்கும் துஆ

மனிதன் முழு வலிமை பெற்று நாற்பது வயதை எட்டும்போது இறைஞ்சும் துஆ ஒன்றை அருள்மறையின் ‘அஹ்காஃப்’ அத்தியாயம் எடுத்துரைக்கின்றது. தனக்கும் தன் பெற்றோருக்கும் அல்லாஹ் அருளிய கொடைகளுக்கு நன்றி செலுத்த வாய்ப்பளிக்குமாறு அவன் அதில் வேண்டுகின்றான். நன்றி செலுத்துவதற்கும் இறைவனிடமே ஆற்றலைக் கேட்க வேண்டியிருக்கின்றது! இருபது வயதில் தந்தையின் கண்டிப்பு கசக்கின்றது. தன் மகன் தன்னை எதிர்த்துப் பேசும் நாளில்தான் அதன் பொருள் விளங்குகின்றது. பலருக்கு அந்நாள் வரும்போது வாப்பா மண்ணறையில் இருப்பார்.

காசிமேட்டில் மரப்படகு கட்டுவதைக் காணுந்தோறும், இராமேசுவரத்தில் படகு கட்டிய தந்தை ஒருவர் என் நினைவில் வருகின்றார். மர்ஹூம் ஏ.பி.ஜே. அப்துல் கலாம் அவர்களின் தந்தையார் ஜைனுலாப்தீன் அவர்களே அவர். பெரும் படிப்போ செல்வமோ அவரிடம் இருக்கவில்லை. வைகறை நான்கு மணிக்கு எழுவார், தொழுவார், நான்கு மைல் தொலைவிலிருந்த தென்னந்தோப்புக்கு நடந்து சென்று, பத்துப் பன்னிரண்டு தேங்காய்களைத் தோளில் சுமந்து வந்த பின்னரே காலை உணவு கொள்வார். தனுஷ்கோடிக்கு யாத்திரிகர்களை ஏற்றிச் செல்லவென்று அவர் கட்டிய படகைப் புயல் கொண்டுபோயிற்று. இராமநாதசுவாமி கோயிலின் தலைமைக் குருக்கள் லட்சுமண சாஸ்திரிகள் அவருக்கு நெருங்கிய நண்பர்.

கலாம் அவர்கள் மேடைகளில் பலமுறை கூறிய நிகழ்ச்சி ஒன்றுண்டு. நாடு விடுதலை பெற்ற பின்னர் இராமேசுவரம் பஞ்சாயத்துத் தலைவராகத் தந்தையார் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவர் தொழுகைக்குச் சென்றிருந்த வேளையில் ஒருவர் தாம்பாளத்தில் பட்டாடையும் பழமும் இனிப்பும் கொணர்ந்தார். படித்துக்கொண்டிருந்த சிறுவர் கலாம், அதைக் கட்டிலில் வைத்துவிட்டுப் போகச் சொன்னார். திரும்பி வந்த தந்தையார், அதற்குமுன் ஒருநாளும் அடித்திராத மகனை அன்று அடித்துவிட்டார். பின்னர் அழுத பிள்ளையை அணைத்து, பதவியை அளிக்கும் இறைவன் அதற்குரிய வாழ்வையும் அளிக்கின்றான், அதற்கு மேல் பெறுவது ஆகாத பொருள் என்ற நபிமொழிக் கருத்தை விளக்கினார்.

அந்த அடியை மகன் மறக்கவில்லை. 2006ஆம் ஆண்டு இராமேசுவரத்து உறவினர்கள் குடியரசுத் தலைவர் மாளிகைக்கு வந்து தங்கியபோது, 3½ இலட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட செலவை அவர் தம் சொந்தக் கணக்கிலிருந்தே செலுத்தினார். அவருடைய செயலாளராயிருந்த பி.எம். நாயர் இதை எழுதிவைத்திருக்கின்றார். தந்தையார் 1976இல் 102ஆம் வயதில் மறைந்தார். 1980 ஜூலை 18 அன்று ரோகிணி விண்ணேறியதையோ, 2002இல் மகன் நாட்டின் தலைவரானதையோ அவர் காணவில்லை. காணாத தந்தைக்கு மகன் செலுத்திய நன்றி அந்தக் கணக்குச் சீட்டில் இருக்கின்றது.

நம் பக்கத்தில் நிலை என்ன? துறைமுகத்தில் மூட்டை சுமந்தும், திருவொற்றியூர் ஆலைகளில் இரவுமுறை பார்த்தும் ஹலாலான காசில் நம்மை வளர்த்தவர்கள் நம் தந்தையர். வாப்பாவின் நாற்பதாம் நாளுக்குப் பந்தல் போட்டு விருந்து வைக்கின்றோம். மளிகைக்கடையில் அவர் விட்டுச்சென்ற கடன் அப்படியே நிற்கின்றது! பிரியாணிக்கு முன்னர் அந்தக் கடன் அல்லவா தீர வேண்டும்? இதைச் சொன்னதால் என்மீது வருத்தப்பட்டவர்களும் உண்டு. வருந்தட்டும்.

மக்காவுக்குச் செல்லும் வழியில் இப்னு உமர் (ரலி) அவர்கள் ஒரு கிராமவாசியைச் சந்தித்தார்கள். தாம் ஏறிவந்த கழுதையை அவருக்கு அளித்தார்கள்; தம் தலைப்பாகையையும் கழற்றிக் கொடுத்தார்கள். இவர்களுக்குச் சிறிது கொடுத்தாலே போதுமே என்று உடன்வந்தோர் வியந்தனர். அவருடைய தந்தை என் தந்தை உமருக்கு நண்பர் என்று விடையிறுத்த இப்னு உமர் (ரலி) அவர்கள், தந்தை நேசித்தவர்களோடு உறவைப் பேணுவதே நற்செயல்களில் உயர்ந்தது என்று பெருமானார் (ஸல்) அவர்கள் கூறக் கேட்டதாகவும் தெரிவித்தார்கள். ‘முஸ்லிம்’ நூலில் இந்த ஹதீஸ் பதிவாகியுள்ளது.

இராயபுரத்தில் எனக்குத் தெரிந்த அன்பர் ஒருவர், மாதத்தில் ஒரு வெள்ளியன்று ஜும்ஆ முடிந்ததும் எண்ணூர்ப் பேருந்தில் ஏறிவிடுவார். அவர் வாப்பாவோடு துறைமுகத்தில் சுமை தூக்கிய மாற்று மத நண்பர் ஒருவர் அங்கே இருக்கின்றார். கையில் கொஞ்சம் பழமும் மருந்தும் கொண்டுபோய், ஒருமணி நேரம் அமர்ந்து பேசிவிட்டு வருவார். முதியவருக்கு இப்போது பார்வை மங்கிவிட்டது. வந்திருப்பவர் மகன் என்பது பிடிபடாமல், வாப்பாவின் பெயரைச் சொல்லியே அழைக்கின்றாராம். இவரும் திருத்துவதில்லை.