தரங்கம்பாடியில் இரண்டு நாள்

நோர்வேக்குக் காலனி எதுவும் இருந்ததில்லை என்று இங்கே பொதுவாகச் சொல்லுவார்கள். "அதெல்லாம் டென்மார்க்கின் வேலை, நாங்களே அவர்களுக்குக் கீழேதான் இருந்தோம்" என்ற பதில் எப்போதும் தயாராக இருக்கும். எங்கட பிள்ளைகளும் அதைக் கேட்டுத்தான் வளருகிறார்கள். அந்தப் பதிலில் எவ்வளவு சரி, எவ்வளவு சாட்டு என்று பார்க்க விரும்பினால் தரங்கம்பாடிக்கு ஒருக்கா போய் வாருங்கோ. நாங்கள் இந்த மாசியில் போய் வந்தோம்.

நாங்கள் என்றால் நான்கு பேர். ட்ரொண்ட்ஹெய்மில் ஒன்றாகப் படித்தவர்கள், எல்லாருக்கும் இப்போது முப்பது தாண்டிவிட்டது, எல்லாருக்கும் பிள்ளைகள். சென்னையில் ஒரு கலியாணம். அது முடிய, நாலு பேரும் வான் ஒன்றைப் பிடித்து கிழக்குக் கடற்கரைச் சாலையால் தெற்கே இறங்கினோம். எல்லிங்ஸ்ருட்டில் மனைவியும் மகளும் பனிச்சறுக்கலில் நின்றார்கள். "முப்பது பாகையில் நிற்கிறேன்" என்று படம் அனுப்பியதற்கு இன்னும் வட்டி கட்டிக்கொண்டிருக்கிறேன்.

ஊருக்குள் போகும் பாதையே ஒரு பழைய வாசலுக்குள்ளால்தான் போகிறது. வெள்ளைச் சுவர், மேலே டென்மார்க் அரசனின் முத்திரை, 1792 என்ற ஆண்டு. அந்த ஆண்டில் அங்கே ஆளுநராக இருந்தவர் பேத்தர் ஆங்கர். பிறந்தது ஹால்டனில். அசல் நோர்வேக்காரர்! 1788 முதல் 1806 வரை, பதினெட்டு வருடம், அந்த ஊரை ஆண்டிருக்கிறார். நல்லாப் படமும் கீறுவார். தென்னிந்தியக் கோயில்களையும் கோட்டைகளையும் அவர் நீர்வர்ணத்தில் வரைந்த படங்கள் ஒஸ்லோப் பல்கலைக்கழகத்தின் கலாசார வரலாற்று அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கின்றன. எல்லிங்ஸ்ருட்டில் ரி-பானே ஏறினால் அரை மணித்தியாலத்துக்குள் போய்விடலாம். காட்சிக்கு வைத்திருக்கிறார்களா என்று முதலே கேட்டுவிட்டுப் போங்கோ.

கதை அதற்கும் முந்தியது. டென்மார்க்கும் நோர்வேயும் ஒரே முடியின் கீழ் இருந்த 1618இல், ஓவே யெட்டே என்ற இளம் தளபதி கப்பல்களோடு கோபன்ஹேகனிலிருந்து புறப்பட்டார். அவர் தேடி வந்தது தரங்கம்பாடியை இல்லை, இலங்கையை. கண்டி அரசனோடு உடன்படிக்கை என்று நம்பி 1620 மே மாதம் வந்து சேர்ந்தபோது ஆட்களில் பாதிக்கு மேல் வழியிலேயே செத்துப்போயிருந்தார்கள். கண்டியில் காரியம் சரிவரவில்லை. திருகோணமலையில் கோட்டை கட்டப் பார்த்தார்கள், அதுவும் நிலைக்கவில்லை. அதற்குப் பிறகுதான் தஞ்சாவூர் இரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் செய்து இந்த மீனவக் கிராமத்தில் டான்ஸ்போர்க் கோட்டையைக் கட்டினார்கள். நாயக்கர் டென்மார்க் அரசனுக்குத் தங்கத் தகட்டில் தமிழில் எழுதிய கடிதம் இன்றும் கோபன்ஹேகன் ஆவணக்காப்பகத்தில் இருக்கிறது. எங்கட பிள்ளைகள் சனிக்கிழமைகளில் அழுது அழுது படிக்கிற அதே மொழி, நாநூறு வருடத்துக்கு முதலே ஸ்கண்டிநேவியாவுக்கு வந்துவிட்டது.

கோட்டை வாசலில் இருந்த பெரியவர், "எங்க இருந்து வர்றீங்க தம்பி?" என்றார்.

"நோர்வே ஐயா."

"பேச்சு சிலோன் மாதிரி இருக்கே?"

"அப்பா அம்மா யாழ்ப்பாணம். நாங்க பிறந்தது நோர்வே."

பெரியவர் கொஞ்சம் யோசித்தார். "அப்ப இது உங்க ஆளுங்க கட்டின கோட்டைதான், போய்ப் பாருங்க."

பேர்கன் நண்பன் விழுந்து விழுந்து சிரித்தான். எனக்கும் சிரிப்புத்தான். ஆனால் உள்ளே போய் பீரங்கிகளுக்கு நடுவில் நின்றபோது அந்த 'உங்க ஆளுங்க' காதுக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது. பிள்ளை பள்ளிக்கூடத்தில் 'நாங்கள்' என்று சொல்லும்போது எந்த நாங்கள்? மே 17 அன்று கொடி பிடிக்கிற நாங்களா, கோட்டைக்குக் கல் சுமந்த நாங்களா? இரவு கடற்கரையில் இருந்து இதைத்தான் கதைத்தோம். "ரெண்டும்தான், அதில என்ன பிரச்சினை?" என்றான் ஒருவன். "ரெண்டும் எண்டு சொல்லலாம், ஆனா ரெண்டையும் சொல்லிக்கொடுக்கிறது நாங்கள் மட்டும்தானே" என்றான் மற்றவன். அவன் சொன்னதுதான் எனக்குச் சரியாகப் பட்டது. 1814இல் நோர்வே டென்மார்க்கிடமிருந்து பிரிந்ததைப் பள்ளிக்கூடம் சொல்லிக்கொடுக்கும். தரங்கம்பாடி டென்மார்க் பக்கம் நின்றுபோனதையும், 1845இல் அதைச் செராம்பூரோடு சேர்த்துப் பன்னிரண்டரை இலட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயக் கொம்பனிக்கு விற்றதையும் வீட்டில்தான் சொல்ல வேண்டும்.

மற்ற இடங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அரசன் தெருவில் 1701இல் கட்டிய சீயோன் தேவாலயம். அதற்குக் கிட்ட, சீகன்பால்க் 1718இல் கட்டி, அடுத்த வருடமே அடக்கமான புதிய எருசலேம் தேவாலயம். தமிழ் அச்செழுத்தில் ஆர்வமுள்ளவர்களுக்கு அந்தத் தெருவே ஒரு நாளுக்குக் காணும். கடற்கரையில் மாசிலாமணிநாதர் கோயில், 1306இல் குலசேகர பாண்டியன் காலத்தது. ஊரின் பழைய பெயர் சடங்கன்பாடி என்று அங்குள்ள கல்வெட்டு சொல்கிறது. முன்பகுதியைக் கடல் தின்றுவிட்டது. 2004 மார்கழி 26 காலையில் இந்தக் கரையிலும் அலை வந்து பலரைக் கொண்டுபோனது. முல்லைத்தீவைக் கொண்டுபோன அதே அலை. அந்த இடத்தில் நாங்கள் அதிகம் கதைக்கவில்லை.

பிள்ளைகளோடு போகிறவர்கள் காலை பத்துக்கு முதல் கோட்டையைப் பார்த்து முடியுங்கோ. நிழலே இல்லை.

திரும்பும் வழியில் தில்லையாடிக்குப் போனோம், சில கிலோமீட்டர்தான். தில்லையாடி வள்ளியம்மை பற்றித் தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்குத் தெரியும், எங்கட பிள்ளைகளுக்குத் தெரியாது. தெரிந்திருக்க வேண்டியவர்கள் எங்கட பிள்ளைகள்தான். அவர் தில்லையாடியில் பிறந்தவரே இல்லை. 1898இல் ஜொகன்னஸ்பேர்க்கில், குடிபெயர்ந்த குடும்பத்தில் பிறந்தவர். எங்களைப் போல இரண்டாம் தலைமுறை. 1913இல் காந்தியின் போராட்டத்தில் தாயோடு சேர்ந்து சிறைக்குப் போய், காய்ச்சலோடு வெளியே வந்து, 1914 பெப்ரவரியில் பதினாறு வயதில் இறந்தார். அடுத்த வருடமே காந்தி தில்லையாடிக்கு வந்தார். அங்கே இப்போது வள்ளியம்மைக்கு நினைவு மண்டபமும் நூலகமும் இருக்கின்றன.

மகளுக்கு இப்போது வகுப்பில் பத்து நிமிடம் பேச ஒரு தலைப்பு எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். நான் ஆங்கரின் படங்களைத்தான் காட்டினேன். அவள் வள்ளியம்மையை எடுத்திருக்கிறாள். 'தில்லையாடி'யை நோர்வேஜிய எழுத்தில் எப்படி எழுதுவது என்று வீட்டில் மூன்று நாளாகச் சண்டை நடக்கிறது.