‘ஆதிமனிதனின் உணவு’ என்ற பொட்டலப் பொய்

டைகர்நட் என்ற பெயரில் விற்பனையாவது ஒரு கோரைக்கிழங்கு. சைப்பரஸ் எஸ்குலென்டஸ் என்பது அதன் தாவரவியல் பெயர். தமிழ்நாட்டில் நலங்கு மாவில் சேர்க்கும் கோரைக்கிழங்கு இதற்கு நெருங்கிய உறவு; பத்தமடைப் பாய்க்கு அறுக்கும் கோரையும் இதே பேரினம்தான். கொண்டைக்கடலை அளவும் சுருங்கிய பழுப்புத் தோலும் கொண்ட இது, மெல்ல மெல்ல இனிக்கும். ஸ்பெயினில் இதைச் சூஃபா என்பார்கள். நைஜீரியாவின் ஹவுசா மக்களுக்கு ஆயா, யோருபா மக்களுக்கு ஓஃபியோ, கானாவில் அட்டாட்வே. மேற்கு ஆப்பிரிக்கச் சந்தைகளில் கிண்ணத்தால் அளந்து விற்கும் எளிய தின்பண்டம் இது.

ஐரோப்பிய, அமெரிக்க ஆரோக்கிய உணவுக் கடைகளில் இதே கிழங்கு பல ஆண்டுகளாக வேறொரு வேடத்தில் விற்கப்படுகிறது. 20 லட்சம் ஆண்டுகளுக்கு முன் நம் முன்னோர் உண்டதில் 80 சதவீதம் டைகர்நட் என்பது அங்கே பல பொட்டலங்களில் காணும் முழக்கம். அதன் வாலைப் பிடித்துக்கொண்டு மற்றவை வருகின்றன: சூப்பர் ஃபுட், நார்ச்சத்துக் களஞ்சியம், பாலுக்கு மாற்று, சர்க்கரை நோயாளிக்கும் உகந்தது, எந்த மண்ணிலும் தானாக விளைவது. இவற்றில் உண்மை சிறிது; மிகை பெரிது.

80 சதவீதம் என்ற எண்ணின் ஊற்று 2014 ஜனவரியில் பிளாஸ் ஒன் இதழில் வந்த ஓர் ஆய்வு. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கேப்ரியல் மாக்கோ அதை எழுதினார். அவர் ஆராய்ந்தது பரான்த்ரோபஸ் பாய்சி என்ற உயிரினத்தின் உணவு. கிழக்கு ஆப்பிரிக்காவில் சுமார் 24 லட்சம் முதல் 14 லட்சம் ஆண்டுகளுக்கு முன்வரை வாழ்ந்தது அது. 1959இல் டான்சானியாவின் ஓல்டுவாய் பள்ளத்தாக்கில் மேரி லீக்கி அதன் மண்டையோட்டைக் கண்டெடுத்தார். தாடையின் பருமனையும் கடைவாய்ப் பற்களின் அகலத்தையும் பார்த்து ‘கொட்டை உடைப்பான்’ என்ற பட்டப்பெயரும் வந்தது.

முழக்கம் முதலில் வழுக்கி விழுவது இந்த இடத்தில்தான். பரான்த்ரோபஸ் பாய்சி மனிதனின் முன்னோர் அல்ல. மனிதக் கால்வழியிலிருந்து பிரிந்து தனியாக வளர்ந்து, சந்ததி விடாமல் அழிந்துபோன பக்கக் கிளை அது. அதே காலத்தில், அதே நிலப்பரப்பில் ஹோமோ பேரினத்தைச் சேர்ந்தவர்களும் வாழ்ந்தார்கள்; மனிதர் வந்தது அவர்கள் வழியில். பெரியப்பா சாப்பிட்டதைத் தகப்பன் சாப்பாடாகக் காட்டுவதைவிடப் பெரிய பிழை இது, ஏனென்றால் இந்தப் பெரியப்பா வேறு இனம், பல்லும் தாடையும் வேறு. நாள் முழுவதும் நார் அரைப்பதற்கு அமைந்த வாய் அது. இன்றைய மனிதனின் கடைவாய்ப் பற்கள் அதன் பற்களைவிட மிகச் சிறியவை.

அடுத்தது அந்த எண். பாய்சி உண்ட கிழங்கை யாரும் தோண்டியெடுத்து எண்ணவில்லை. கென்யாவின் அம்போசெலியில் ஒரு வயதுக் குட்டி பபூன் குரங்குகள் எதை எவ்வளவு நேரம் தின்றன என்ற பழைய பதிவுகளை வைத்து மாக்கோ ஒரு கணக்குப் போட்டார். நாளொன்றுக்கு இரண்டரை முதல் மூன்று மணி நேரம் இந்தக் கிழங்கைத் தேடித் தின்றிருந்தால் தேவையான ஆற்றலில் 80 சதவீதம் கிடைத்திருக்கும் என்பது அந்தக் கணக்கின் விடை. ‘கிடைத்திருக்கும்’ என்பது ஆய்வாளரின் சொல். அதைக் ‘கிடைத்தது’ என்று மாற்றியது வியாபாரம். பாய்சியின் பல் எனாமலில் உள்ள கார்பன் ஐசோடோப்புகள் அதன் உணவில் முக்கால் பங்குக்குமேல் வெப்பமண்டலப் புல், கோரை வகைகளிலிருந்து வந்ததைக் காட்டுகின்றன. அது புல்லின் இலையா, தண்டா, கோரையின் கிழங்கா என்று பிரித்துச் சொல்லக் கார்பனால் முடியாது. மாக்கோவின் கருதுகோள் மதிக்கத்தக்கது, விவாதிக்கத்தக்கது. அழிந்துபோன ஓர் உயிரினத்தின் மேய்ச்சலைப் பற்றிய அந்தக் கருதுகோளை இன்றைய மனிதனின் தட்டுக்கு உணவு அறிவுரையாகத் திருப்பியது மன்னிக்க முடியாத புரட்டு.

இந்தக் கிழங்குக்கு உண்மையான தொன்மை இருக்கிறது. எகிப்தில் வம்ச ஆட்சிக்கு முந்தைய காலக் கல்லறைகளிலேயே இறந்தவரோடு இது வைக்கப்பட்டிருந்தது. தீப்ஸ் நகரில், மூன்றாம் துட்மோஸ் மன்னனின் அமைச்சர் ரெக்மிரேயின் கல்லறைச் சுவரில், சுமார் 3,500 ஆண்டுகளுக்கு முந்தைய சமையற்கூடம் ஒன்று தீட்டப்பட்டுள்ளது. கிழங்கை இடிக்கிறார்கள், சலிக்கிறார்கள், தேன் சேர்த்துப் பிசைகிறார்கள், கொழுப்பிட்டுச் சமைத்துக் கூம்பு வடிவப் பலகாரம் ஆக்குகிறார்கள். மனித வரலாறு காட்டும் டைகர்நட் இதுதான்: உலக்கையும் சல்லடையும் தேனும் நெருப்பும் பட்ட பண்டம்.

இனிப் பொட்டலத்தின் மற்றக் கூற்றுகள். இது கொட்டையல்ல, ஆகவே கொட்டை ஒவ்வாமை உள்ளவர்களுக்கு ஏற்றது என்ற கூற்று பெரும்பாலும் சரி. குளூட்டன் இல்லை என்பதும் சரி. உருளைக்கிழங்கிலும் இல்லை, அரிசியிலும் இல்லை. ஆண்மை பெருக்கும் என்ற கதைக்கு எலிகள்மீது நடந்த சோதனைகளுக்கு அப்பால் உறுதியான ஆதாரம் கிடையாது.

சர்க்கரை நோயாளிக்கு உகந்தது என்ற கூற்று ஆபத்தானது. உலர்ந்த கிழங்கில் ஏறக்குறைய கால் பங்கு எண்ணெய், அதே அளவோ சற்றுக் கூடுதலாகவோ மாவுச்சத்து, அதற்குமேல் கரும்புச் சர்க்கரையில் உள்ள அதே சுக்ரோஸ் கணிசமான அளவு. 100 கிராமில் 400 கலோரிக்குமேல் இருக்கிறது. எண்ணெயில் பெரும்பகுதி ஆலிவ் எண்ணெயைப் போல ஒலியிக் அமிலம். அந்த நன்மையை மறுப்பதற்கில்லை. ஆனால் இதன் மாவுச்சத்து செரிக்காமல் பெருங்குடலைச் சென்றடையும் வகை என்று காட்டி, அந்தப் பெயரில் இதன் மாவில் கேக்கும் பிஸ்கட்டும் செய்து விற்கிறார்கள். பச்சை மாவுச்சத்துக்கு உள்ள அந்த எதிர்ப்பு, ஈரத்தோடு சூடேறியதும் பெருமளவு போய்விடும். ஸ்பெயினின் வாலென்சியாவில் உள்ள ஓர்ச்சாட்டாக் கடைக்காரர்களுக்கு இது பரம்பரை அறிவு. ஓர்ச்சாட்டா என்பது ஊறவைத்த சூஃபாவை அரைத்துப் பிழிந்து சர்க்கரை சேர்த்துக் குளிரக் குளிரப் பரிமாறும் பானம். காய்ச்சினால் மாவு வெந்து கஞ்சியாகிவிடும் என்பதால் அதை அடுப்பில் ஏற்றமாட்டார்கள். அதில் சேரும் சர்க்கரையும் லிட்டருக்கு 100 கிராம் அளவில் இருக்கும்.

நார்ச்சத்து முழுக் கிழங்கில் நிறைய உண்டு. அதே பெருமையை ‘டைகர்நட் பால்’ புட்டியில் அச்சிடுவதுதான் தவறு. வடிகட்டியவுடன் நாரில் பெரும்பகுதி சக்கையில் தங்கிவிடுகிறது. புட்டிக்கு வருவது எண்ணெயும் சர்க்கரையும் மாவும் கலந்த நீர். பாலென்ற சொல்லும் அப்படியே. 100 மில்லி பசும்பாலில் 3 கிராமுக்குமேல் புரதமும் சுமார் 120 மில்லிகிராம் கால்சியமும் உண்டு. தனியாகச் சேர்த்தாலொழிய இந்தப் பானம் அதன் அருகில்கூட வராது. வளரும் குழந்தைக்குப் பாலின் இடத்தில் இதைக் கொடுக்கச் சொல்வோர் அந்தக் குழந்தைக்குத் தீங்கு செய்கிறார்கள்.

எங்கும் எளிதாக விளையும் என்பது உண்மை. அது எச்சரிக்கையாகச் சொல்ல வேண்டிய உண்மை. இதன் காட்டு வகைகள் உலகின் மோசமான களைகளில் சேர்ந்தவை. அமெரிக்காவின் மினசோட்டாவில் 1961இல் வெளியான ஆய்வொன்றில், ஒரே கிழங்கு ஓராண்டில் சுமார் 1,900 செடிகளாகவும் ஏறத்தாழ 7,000 கிழங்குகளாகவும் பெருகியது. நெதர்லாந்திலும் சுவிட்சர்லாந்திலும் உழவர்கள் இதோடு போராடுகிறார்கள். டிராக்டர் சக்கரத்தில் ஒட்டிய மண்ணே அடுத்த வயலுக்கு விதை. வயலில் கோரை எடுத்துக் கை சலித்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. உணவுக்குப் பயிராகும் வகை பெரும்பாலும் பூப்பதில்லை, அவ்வளவு பரவுவதுமில்லை. பெயர் மட்டும் பார்த்து விதைக்கிழங்கு வாங்குபவருக்கு இந்த வேறுபாடு தெரிய வழியில்லை.

‘இயற்கை அப்படியே தந்தது’ என்ற வாசகம் உழைப்பை மறைக்கிறது. வாலென்சியா நகரின் வடக்கே அல்போராயா, அல்மாசேரா ஊர்களைச் சுற்றிய மணற்பாங்கான தோட்ட நிலத்தில் ஏப்ரல், மே மாதங்களில் வரப்பு கட்டிக் கிழங்கை ஊன்றுகிறார்கள். பழைய வாய்க்கால்கள் நீர் தருகின்றன. இலை காய்ந்தபின், நவம்பர் முதல் ஜனவரி வரை, மண்ணோடு வாரிச் சலித்து எடுக்கிறார்கள். கழுவிக் கல்லும் சொத்தையும் நீக்குகிறார்கள். அப்போது கிழங்கில் ஏறக்குறைய பாதி ஈரம். அதைப் பத்து சதவீத அளவுக்குக் கொண்டுவர, காற்றோட்டமான பரணில் பரப்பி மூன்று மாதம் உலர்த்துகிறார்கள். ஆரம்ப நாட்களில் தினமும் கிளறிவிட வேண்டும். அவசரப்பட்டால் பூஞ்சணம் பிடிக்கும். ஈரம் தங்கிய கிழங்கில் அஃப்லடாக்சின் நஞ்சு உண்டாகும் அபாயமும் இருக்கிறது. 1995 முதல் ‘வாலென்சியா சூஃபா’ என்ற பெயரைக் காக்க ஒழுங்குமுறைக் குழு இயங்குகிறது. நைஜரிலும் மாலியிலும் புர்கினா ஃபாசோவிலும் இதே வேலையைச் செய்யும் சிறு விவசாயிகளின் விளைச்சலும் ஸ்பெயினுக்குக் கப்பலேறுகிறது. ஆதிமனிதன் படம் போட்ட பொட்டலத்தில் இவர்களுக்கு ஒரு வரி இடம்கூட இல்லை.

உண்ணும் முறையும் அந்த ஊர்களிலேயே தெளிவாக இருக்கிறது. உலர்ந்த கிழங்கை இரவு முழுவதும் ஊறவைத்தால் தோல் விரிந்து பல்லுக்கு இணங்கும். ஒரு பிடி போதும். நார் மிகுதியால் அதற்குமேல் வயிறு உப்பும். வட நைஜீரியாவில் ஊறிய ஆயாவை இஞ்சியும் பேரீச்சம்பழமும் தேங்காயும் சேர்த்து அரைத்து, துணியில் வடித்து, குனுன் ஆயா என்று குடிக்கிறார்கள். குளிர்பெட்டி இல்லாத வீட்டில் அது மறுநாளுக்குத் தாங்காது.