நாலு மீட்டர் எஸ்யூவி மோகத்தைக் கிளப்பிய ஈகோஸ்போர்ட்: மூன்றாம் தலைமுறை வராமல் போனது ஏன்?

பின்கதவில் தொங்கும் ஸ்டெப்னி, உயரமான முகப்பு, அடக்கமான உடம்பு. ஃபோர்டு ஈகோஸ்போர்ட்டை நம்ம ஊர் சாலைகளில் இன்றைக்கும் பார்க்கலாம். ஆனால் ஷோரூமில் கிடைக்காது. இந்தியாவில் இப்போது சக்கைப்போடு போடும் 'நாலு மீட்டருக்குள் எஸ்யூவி' என்ற வகையைப் பிரபலமாக்கியதில் இந்த காருக்குப் பெரிய பங்கு உண்டு. அப்படிப்பட்ட கார் இரண்டே தலைமுறையோடு நின்றுபோனது ஏன்?

ஆரம்பம் பிரேசிலில்

முதல் தலைமுறை ஈகோஸ்போர்ட் 2003-ல் பிரேசிலில் அறிமுகமானது. பாஹியா மாநிலத்தில் உள்ள கமசாரி ஆலையில் தயாரானது. பழைய ரக ஜீப்புகளில் லாரி மாதிரி தனி சேஸிஸ் இருக்கும். அதன் மேல் பாடி கட்டுவார்கள். ஈகோஸ்போர்ட் அப்படியில்லை. ஃபியஸ்டா என்ற சின்ன காரின் அடித்தளத்தை எடுத்து, உயரத்தைக் கூட்டி எஸ்யூவி தோற்றம் கொடுத்தார்கள். எடை குறைவு, ஓட்டுவதும் கார் மாதிரியே. 'கிராஸ்ஓவர்' என்பது இதைத்தான். இந்தத் தலைமுறை இந்தியாவுக்கு வரவில்லை.

3,999 மில்லிமீட்டர் கணக்கு

இரண்டாம் தலைமுறை 2012 ஜனவரியில் டெல்லி ஆட்டோ எக்ஸ்போவில் காட்டப்பட்டது. சென்னையை அடுத்த மறைமலை நகரில் தயாராகி, 2013 ஜூனில் விற்பனைக்கு வந்தது. ஆரம்ப விலை 5.59 லட்சம் ரூபாய். புக் பண்ணியவர்கள் மாதக்கணக்கில் காத்திருந்தார்கள்.

எஸ்யூவி எப்படி இந்த விலைக்கு வந்தது? பதில் வரியில் இருக்கிறது. நீளம் 4 மீட்டருக்குள், பெட்ரோல் இன்ஜின் 1,200 சிசிக்குள், டீசல் என்றால் 1,500 சிசிக்குள் இருந்தால் அது 'சிறிய கார்'. அப்போது அதற்கு கலால் வரி 12 சதவீதம். பெரிய கார்களுக்கு இதைப்போல இருமடங்கு, அதற்கும் மேல். ஈகோஸ்போர்ட்டின் நீளம் 3,999 மி.மீ. பின்னால் தொங்கும் ஸ்டெப்னி இந்தக் கணக்கில் சேராது! 1 லிட்டர் டர்போ பெட்ரோலும், 1.5 லிட்டர் டீசலும் சலுகைக்குள் வந்தன. 1.5 லிட்டர் பெட்ரோல் மட்டும் வெளியே நின்றது.

2017: புது முகம், பழைய உடம்பு

2017 நவம்பரில் புதுப்பிக்கப்பட்ட ஈகோஸ்போர்ட் வந்தது. முகப்பு மாறியது, பெரிய தொடுதிரை, புதிய மூன்று சிலிண்டர் 1.5 லிட்டர் பெட்ரோல் இன்ஜின் எல்லாம் சேர்ந்தன. ஆனால் அடித்தளம் அதேதான். அந்த பெட்ரோல் இன்ஜினும் 1,200 சிசியைத் தாண்டியதால் வரிச்சலுகை கிடைக்கவில்லை.

இதற்கிடையே போட்டி பலமாகிவிட்டது. 2016-ல் மாருதியின் விட்டாரா பிரெஸ்ஸா, 2017-ல் டாடா நெக்ஸான், 2019-ல் மஹிந்திரா எக்ஸ்யூவி300, ஹூண்டாய் வென்யூ, 2020-ல் கியா சோனெட் என வரிசைகட்டி வந்தன. பின்சீட்டில் கொஞ்சம் தாராளமாக உட்கார வேண்டும் என்று நினைத்த குடும்பங்களுக்கு வேறு கார்கள் கிடைத்தன. ஃபோர்டு திறந்த கதவு வழியாக மற்றவர்கள் உள்ளே போய்விட்டார்கள்.

ஏற்றுமதி காப்பாற்றியதா?

கொஞ்ச காலம். 2014 முதல் ஐரோப்பாவுக்குச் சென்னையில் இருந்தே ஈகோஸ்போர்ட் போனது. 2017-ல் அந்த வேலை ருமேனியாவின் கிரயோவா ஆலைக்கு மாறியது. 2018 முதல் அமெரிக்காவில் விற்ற ஈகோஸ்போர்ட்களும் மறைமலை நகரில் செய்தவைதான். ஆனால் ஏற்றுமதியை நம்பி ஓடும் ஆலையில், எந்த ஊருக்கு எங்கிருந்து கார் போக வேண்டும் என்பது தலைமையகத்தின் முடிவு. உள்ளூர் விற்பனை பலமாக இல்லாவிட்டால் ஆலைக்குப் பிடிமானம் கிடையாது.

மஹிந்திராவுடன் பேசிய கூட்டு முயற்சி 2020 இறுதியில் கைவிடப்பட்டது. 2021 ஜனவரியில் பிரேசிலில் உற்பத்தியை நிறுத்துவதாக ஃபோர்டு அறிவித்தது. ஈகோஸ்போர்ட் பிறந்த கமசாரியும் மூடப்பட்டது. அதே ஆண்டு செப்டம்பர் 9-ல் இந்தியாவின் முறை. பத்து ஆண்டுகளில் 200 கோடி டாலருக்கு மேல் நஷ்டம் என்றது நிறுவனம். சுமார் 4,000 பேரின் வேலை கேள்விக்குறியானது. நியாயமான இழப்பீடு கேட்டு 2022-ல் மறைமலை நகர் தொழிலாளர்கள் போராடினார்கள். அந்த ஜூலையில் ஆலையில் இருந்து கடைசியாக வெளியே வந்ததும் ஓர் ஈகோஸ்போர்ட்தான்.

இப்போது என்ன நிலவரம்?

குஜராத்தின் சானந்த் ஆலையை டாடா வாங்கிக்கொண்டது. சென்னை ஆலை விற்கப்படவில்லை. 2025 அக்டோபரில், 3,250 கோடி ரூபாய் முதலீட்டில் இங்கே மீண்டும் உற்பத்தி தொடங்க தமிழக அரசுடன் ஃபோர்டு ஒப்பந்தம் போட்டது. உற்பத்தி 2029-ல் தொடங்கும் என்பது திட்டம். ஆனால் தயாராகப்போவது கார் இல்லை, இன்ஜின். நேரடி வேலைவாய்ப்பு 600-க்கு மேல் என்று சொல்லப்பட்டிருக்கிறது. முன்பு அங்கே வேலை பார்த்தவர்கள் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் இது குறைவுதான்.

நாலு மீட்டர் விதி மட்டும் அசையவில்லை. 2025 செப்டம்பரில் ஜிஎஸ்டி மாறியபோதும் அந்தக் கோட்டுக்குள் இருக்கும் சிறிய கார்களுக்கு 18 சதவீதம், மற்றவற்றுக்கு 40 சதவீதம் என்றே பிரிக்கப்பட்டது. எனவே அடுத்த முறை ஷோரூமில் 3,995 அல்லது 3,999 மி.மீ. என்று பார்த்தால், அந்த எண்ணை முடிவு செய்தது டிசைனர் மட்டுமல்ல, வரி அட்டவணையும்தான் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.