அக்கா, குறை நினையாதேங்கோ

போன கிழமை ஒரு பின்னேரம், ஐந்தே முக்கால் இருக்கும், மகள் ரெலிபோன் எடுத்தாள். 401 இல் கார் நகரவே மாட்டுதாம். "அம்மா, நீங்கள் போய் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வாறீங்களே?" நான் சப்பாத்தைத் தேடிக்கொண்டே, "ஆறு மணிக்கு முதல் நானும் போய்ச் சேரமாட்டன் பிள்ளை" என்றேன். "பரவாயில்லை அம்மா. பத்து நிமிசம் பிந்தினா பத்து டொலர்தானே. நான் கட்டுறன். பிறகென்ன?"

அந்தப் "பிறகென்ன" தான் இதை எழுத வைத்தது. பேத்தியின் டேகெயாரில் ஆறு மணிக்குப் பிறகு நிமிடத்துக்கு ஒரு டொலர் தண்டம். நான் ஆறு பத்துக்குத்தான் போய்ச் சேர்ந்தேன். அங்கே கண்டதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முதல் என்னுடைய பழைய கதை கொஞ்சம் இருக்கிறது.

நான் கனடாவுக்கு வந்தது 1991 கடைசியில். மூன்று வருசம் கழித்து ஸ்காபரோவில் எங்கள் அப்பார்ட்மென்றிலேயே பிள்ளைகள் பார்க்கத் தொடங்கினேன். இதை ஒருவரும் வேலை என்று சொல்வதில்லை. "அவ வீட்டிலதான் இருக்கிறா, பேபி சிற்றிங் செய்யிறா" என்றுதான் சொல்வார்கள். லைசன்ஸ் இல்லாமல் ஐந்து பிள்ளைகள் வரைக்கும் பார்க்கலாம் என்பது அப்போதும் சட்டம், இப்போதும் ஐந்துதான் (வயதுக் கணக்குத்தான் மாறியிருக்கிறது). ஒரு பிள்ளைக்கு நாளுக்கு இருபது டொலர். காலை ஏழிலிருந்து பின்னேரம் ஐந்தரை வரை. பிரித்துப் பார்த்தால் மணித்தியாலத்துக்கு இரண்டு டொலரும் வராது. ஆனால் அந்தக் கணக்கை நான் அப்போது பார்க்கவில்லை. வேறொரு கணக்குத்தான் என்னைப் பிடித்து உலுப்பியது.

தமிழ்க் கடையில் வருசப் பிறப்புக்குத் தந்த முருகன் கலண்டர் ஒன்று குசினிச் சுவரில் தொங்கியது. ஒரு மாதம், ஒரேயொரு தாய் பிந்தி வந்த நிமிடங்களை மட்டும் அதில் பென்சிலால் குறித்து வைத்தேன். 20, 15, 35, 25... மாத முடிவில் கூட்டினால் 525 நிமிடம். எட்டே முக்கால் மணித்தியாலம்! ஒரு முழுநாள் வேலை. மற்றவர்களின் நிமிடங்கள் இதில் சேர்த்தி இல்லை.

அந்த நேரம் எனக்குக் கிழமையில் இரண்டு நாள் இரவு இங்கிலீஷ் வகுப்பு இருந்தது. ஆறரைக்குத் தொடங்கும், பஸ்ஸில் இருபது நிமிடம். இவர் வேலையால் வந்து எங்கள் பிள்ளைகளைப் பார்ப்பார், நான் ஓட வேண்டும். மற்றவர்களின் பிள்ளைகளை அவரிடம் விட்டுவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. என்னை நம்பித்தானே விட்டவர்கள். அப்படி வகுப்புக்குப் பிந்திப் பிந்திப் போய், சில நாள் போகாமலே விட்டு, ஒருநாள் போனபோது பெயரை எடுத்துவிட்டோம் என்றார்கள். அவர்கள் மேல் பிழை சொல்லமாட்டேன். அந்த இடத்துக்கு வேறு ஆட்கள் காத்துக்கொண்டு நின்றார்கள். பிறகு நான் திரும்பி வகுப்புக்குப் போக நாலு வருசம் எடுத்தது.

வாசலில் எப்போதும் ஒரே வசனம்தான். "அக்கா, குறை நினையாதேங்கோ, றோட்டில சரியான ட்ராபிக்." அந்த "அக்கா" இருக்கிறதே, அதுதான் வாயை அடைக்கும். அக்காவிடம் மணிக்கூடு பார்க்கக்கூடாது. அக்கா காசு கேட்டால் அவ அக்கா இல்லை, காசுப் பேய். நானும் சிரித்துக்கொண்டு "அதுக்கென்ன, பிள்ளை சாப்பிட்டிட்டான்" என்பேன். கதவைச் சாத்திவிட்டுத் தங்கச்சிக்கு ரெலிபோன் எடுத்து அரை மணித்தியாலம் திட்டுவேன். பிள்ளை பார்க்கிற எங்கள் பெண்கள் முக்கால்வாசிப் பேர் இப்படித்தான் சமாளித்தார்கள், இப்போதும் சமாளிக்கிறார்கள். சொல்ல வேண்டிய ஆளுக்குச் சொல்லாமல் ஊருக்கெல்லாம் சொல்வது.

இதைவிட மோசமான சமாளிப்பு ஒன்றும் உண்டு. அதை நானும் செய்திருக்கிறேன், மறைக்கவில்லை. ஐந்தரைக்கே பிள்ளைக்கு ஸ்னோ சூட், தொப்பி, பூட்ஸ் எல்லாம் போட்டு வாசலில் நிற்பாட்டிவிடுவது. வருகிற தாய்க்குக் குத்தட்டும் என்று. தாய் ஆறேகாலுக்கு வருவா. பிள்ளை முக்கால் மணித்தியாலம் ஹீற்றர் சூட்டில் வேர்த்து வடிந்துகொண்டு கதவையே பார்த்துக்கொண்டு நிற்கும். ஒருநாள் நாலு வயதுப் பொடியன் ஒருவன், வன்னியிலிருந்து தாயோடு வந்து ஒரு வருசமும் ஆகவில்லை, என்னை நிமிர்ந்து பார்த்துக் கேட்டான்: "அன்ரி, அம்மா செத்துப்போட்டாவோ?"

அதற்குப் பிறகு பெல் அடிக்கும்வரைக்கும் ஒரு பிள்ளைக்கும் நான் பூட்ஸ் போட்டதில்லை.

சரி, தண்டக் கதைக்கு வருவோம். 1997 இல் துணிந்து ஒரு முடிவு எடுத்தேன். கால் மணித்தியாலம் பிந்தினால் ஐந்து டொலர். ஒரு மட்டையில் எழுதிக் கதவில் ஒட்டினேன், எழுதும்போது கை நடுங்கியது. என்ன நடந்தது தெரியுமோ? கலண்டரில் 525 நிமிடம் ஏறிய அந்தத் தாய் முன்னம் இருபது நிமிடம் பிந்துகிறவ, இப்போது முக்கால் மணித்தியாலம் பிந்தினா. வாசலில் மன்னிப்பும் இல்லை. ஒரு கையில் மடித்த தாள், மற்றக் கையில் மீன் பையும் கறிவேப்பிலையும். ட்ராபிக் எங்கே இருந்தது என்று அந்தக் கறிவேப்பிலை சொல்லியது. கடைக்குப் போய்ச் சாமான் வாங்க என்னிடம் நேரத்தை விலைக்கு எடுத்திருக்கிறா, அவ்வளவுதான். விலை மலிவு என்றும் கண்டுபிடித்துவிட்டா.

மற்றவ வன்னிப் பொடியனின் தாய். பக்டரியில் வேலை. சுப்பவைசர் ஐந்து மணிக்குப் போகவிட்டால் ஒரு பஸ், ஐந்தேகாலுக்கு விட்டால் அடுத்த பஸ். மட்டை ஒட்டிய இரண்டாம் கிழமை, பஸ் ஸ்ரொப்பிலிருந்து ஐஸில் ஓடி வந்து விழுந்து, உள்ளங்கை தோல் உரிந்து இரத்தத்தோடு வாசலில் நின்றா. நல்ல கையில் ஐந்து டொலர். "இந்தாங்கோ அக்கா." எட்டு நிமிடம்தான் பிந்தியிருந்தா, அது தண்டத்துக்குள் வரவே இல்லை! மட்டையைச் சரியாக வாசிக்கவும் அந்தப் பிள்ளைக்கு அவகாசம் இருக்கவில்லை. அவவின் கையைக் கழுவி மருந்து போட்டுவிட்டு, அன்றிரவே மட்டையைக் கிழித்தேன்.

சில வருசங்களுக்குப் பிறகு பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த மகன் ஒருநாள் சிரித்துக்கொண்டு வந்தான். "அம்மா, உங்கட கதையை ஆரோ ஆராய்ச்சியா எழுதியிருக்கினம்." 1998 இல் இஸ்ரேலின் ஹைஃபா நகரத்தில் பத்து டேகெயார்களை எடுத்து ஊரி நீஸி, ஆல்டோ ருஸ்டிக்கினி என்ற இரண்டு பொருளியலாளர்கள் இருபது வாரம் கணக்கெடுத்திருக்கிறார்கள். ஆறு இடங்களில், பத்து நிமிடத்துக்கு மேல் பிந்தினால் பத்து ஷெக்கல் தண்டம். குறையும் என்றுதானே நினைப்போம்? பிந்தி வருகிறவர்களின் தொகை ஏறக்குறைய இரண்டு மடங்காகியது. தண்டத்தை நிற்பாட்டிய பிறகும் குறையவில்லை. 2000 ஆம் ஆண்டு வெளிவந்த அந்தக் கட்டுரைக்கு அவர்கள் வைத்த தலைப்பு, தண்டம் என்பது ஒரு விலை என்ற கருத்தில். முருகன் கலண்டரில் நான் கண்டுபிடித்ததை அவர்கள் பத்து இடத்தில் கண்டுபிடித்திருக்கிறார்கள். ஆனால் இரத்தக் கையோடு வந்தவவைப் பற்றி மகன் எனக்குச் சொன்னதில் ஒன்றும் இல்லை. தண்டம் வசதியுள்ளவர்களைச் சோம்பேறியாக்கும், வசதியில்லாதவர்களை ஓடவைக்கும். நான் கண்டது அது.

பிறகு நான் செய்தது வேறு. புதிதாகப் பிள்ளை விட வருகிறவர்களிடம் "எத்தனை மணிக்கு வருவீங்கள்?" என்று கேட்பதை விட்டேன். அதற்கு எல்லோரும் ஐந்தரை என்றுதான் சொல்வார்கள், ஆசையில். "வேலை எத்தனைக்கு முடியும்? எந்த பஸ்? ஓவர்டைம் எந்த நாளில வரும்?" என்று கேட்டு நானே கூட்டிப் பார்ப்பேன். ஆறேகால் வருகிறதா, ஆறேகால் வரைக்கும்தான் காசு பேசுவோம். தண்டமில்லை, சம்பளம். ஐந்தரைக்கே வந்தாலும் அதேதான். இரண்டு நாள் வகுப்பு, அந்த இரண்டு நாளும் வேறு ஆளை வையுங்கோ. கறிவேப்பிலைத் தாய்க்கு இது சரிவரவில்லை, பிள்ளையை வேறு இடத்துக்கு மாற்றினா. என்னைப் பற்றிக் கோயிலில் என்ன கதைத்தா என்பது எனக்கு இரண்டு நாளில் வந்து சேர்ந்தது!

பிந்தி வருகிற தாய் தகப்பன் எல்லோரையும் ஒரே கூடையில் போடக்கூடாது என்பதையும் எழுத வேண்டும். 2003 ஓகஸ்ட் 14. பின்னேரம் நாலு மணி கழிந்து சில நிமிடத்தில் ஒன்ராறியோ, நியூயோர்க் எல்லாம் கரண்ட் போனது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். என்னிடம் ஐந்து பிள்ளைகள், பதினோராம் மாடி. லிஃப்ற் இல்லை, சப்வே இல்லை, சிக்னல் லைற் இல்லை. கோட்லெஸ் ரெலிபோன் செத்துப்போச்சு, வயர் உள்ள பழையது மட்டும் வேலை செய்தது. பிள்ளைகள் அழத் தொடங்கினார்கள். எனக்குப் பயம் வரவில்லை. யாழ்ப்பாணத்தில் 1990 இலிருந்து கரண்ட் இல்லாமல், ஜாம் போத்தல் விளக்கில் பிள்ளை வளர்த்தவளுக்கு ஒரு இரவு என்ன? சாமி விளக்கைக் கொளுத்தி, ஃபிறிட்ஜில் உருகிக்கொண்டிருந்த ஐஸ்கிறீமை எல்லோருக்கும் கொடுத்து, பல்கனியில் பாய் போட்டோம். ரொறன்ரோவில் நட்சத்திரம் கண்டது அன்றுதான். கடைசித் தகப்பன் இரவு பத்தரைக்குப் பதினொரு மாடியும் ஏறி, வேர்க்க விறைக்க வந்து நின்றார், கதைக்க மூச்சில்லை. அவருக்கு நான் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன். ஐந்து மணித்தியாலம் பிந்தியவர் மேல் கோபம் வரவில்லை, இருபது நிமிடம் பிந்திக் கறிவேப்பிலையோடு வந்தவ மேல் இன்னும் தீரவில்லை. என்ன செய்வது.

இன்னொரு ஆளையும் சொல்ல வேண்டும். பார்க்கில் சந்திக்கிற பிலிப்பீன் பெண் ஒருத்தி, பெரிய வீடொன்றில் தங்கிப் பிள்ளை பார்க்கிறவ. அந்தக் காலத்தில் 'லிவ் இன் கெயார்கிவர்' என்ற திட்டத்தில் வந்தவர்கள் வேலை வீட்டிலேயே தங்கி 24 மாதம் வேலை செய்தால்தான் நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பிக்கலாம். கட்டாயமாகத் தங்க வேண்டும் என்ற விதியை 2014 இல்தான் எடுத்தார்கள். "உன்ர ஆட்கள் பிந்தி வாறவையோ?" என்று என் உடைந்த இங்கிலீஷில் கேட்டேன். அவ சிரித்தா. "நான் வீட்டுக்குப் போறதே இல்லையே, அவர்கள் எப்படிப் பிந்துவார்கள்?" கிழமைக்கு 44 மணித்தியாலத்துக்கு மேல் போனால் ஓவர்டைம் கொடுக்க வேண்டும் என்று ஒன்ராறியோச் சட்டம் வீட்டு வேலையாட்களுக்கும் சொல்கிறது. ஆனால் 24 மாதத்தை எண்ணிக்கொண்டிருக்கிற ஆள் எந்த வாயால் கேட்பது? பார்த்தால், நான் குடுத்துவைத்தவள்தான். என் கதவையாவது ஒருத்தர் வந்து தட்டினார்கள்.

ஆகவே எங்கள் பிள்ளைகளின் வயதில் இருக்கிற தாய்மாருக்கு நான் கேட்பது இதுதான். உங்கள் முதலாளி உங்களை அரை மணித்தியாலம் கூட மறித்தால் அதற்கு அவர் காசு தருகிறார், அல்லது தராமல் களவெடுக்கிறார். உங்கள் பிள்ளையைப் பார்க்கிறவவின் அரை மணித்தியாலத்தை நீங்கள் எடுக்கும்போதும் இந்த இரண்டில் ஒன்றுதான் நடக்கிறது. பிந்தும் என்று தெரிந்த அந்த நிமிடமே, றோட்டில் ஏறமுதல், ஒரு கோல் எடுங்கோ. "வரப் பிந்தும்" என்று சொல்லாதேங்கோ, "இன்னும் அரை மணித்தியாலம் உங்களால நிக்க ஏலுமோ?" என்று கேளுங்கோ. ஏலாது என்று அவ சொன்னால் வேறு வழி பாருங்கோ. பிள்ளை பார்க்கிற பெண்களுக்கும் ஒன்று: சண்டை பிடிப்பதென்றால் பெரியாக்களோடு பிடியுங்கோ, பூட்ஸ் போட்ட பிள்ளையோடு வேண்டாம்.

சரி, போன கிழமை. ஆறு பத்துக்கு நான் மூச்சிரைக்கப் போனபோது பேத்தி கதவுப் பக்கம் பார்க்கவே இல்லை, தரையில் இருந்து கீறிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இளம் ரீச்சர் ஒருத்தி, ஆபிரிக்கப் பிள்ளை, ஒரு கை கோட்டுக்குள், மற்றக் கையால் கலர் பென்சில் எடுத்துக் கொடுத்தபடி. பத்து டொலரை நீட்டினேன். "இல்லை, அது மாத பில்லில் வரும், எனக்கில்லை" என்றா. மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லை" என்றபடியே கைப்பையைத் தூக்கிக்கொண்டு லைற்றை அணைத்தா. "என்ர மகனின்ர டேகெயாரும் ஆறு மணிக்குத்தான் பூட்டும், அதுதான் ஓடுறன்."

அன்றிரவு மகளுக்கு இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு கேட்டாள்: "அந்தப் பிள்ளைக்கு எத்தினை வயசாம் அம்மா?"

"கேக்க நேரமிருக்கேல்லை" என்றேன்.