பாசி பிடித்த தொட்டியைக் கலைக்க வேண்டாம்

நமது சங்க நூலகத்தில் வைத்திருக்கும் கடல்நீர் மீன் தொட்டியைப் பற்றி அடுத்த செயற்குழுவில் முடிவெடுக்கப் போகிறார்கள் என்று அறிகிறேன். தொட்டி வைத்து ஐந்து வாரம் ஆகிறது. முதல் இரண்டு வாரம், மீனே இல்லாதபோதும், வந்தவர்களெல்லாம் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். மூன்றாவது வாரம் மணல்மேல் பழுப்பாக ஏதோ படிந்தது. நான்காவது வாரம் பிள்ளைகள் 'நீமோ' என்றழைக்கும் கோமாளி மீன்கள் இரண்டு வந்தன. இப்போது கல்லெல்லாம் பச்சை முடி முளைத்தாற்போல் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்புப் பிள்ளைகளே "ஐயே, அழுக்கு" என்கிறார்கள்.

குழுவின் முன் மூன்று யோசனைகள் இருக்கின்றனவாம். பாசியைக் கொல்லும் மருந்தை ஊற்றுவது. எல்லாவற்றையும் கொட்டித் தேய்த்துக் கழுவி மறுபடி நிரப்புவது. இராமேசுவரம் பக்கம் ஊருக்குப் போகும் அன்பர் ஒருவர் மூலம் 'அசல்' பவளக்கல் கொண்டுவந்து போடுவது. மூன்றுமே கூடாது என்பது என் கருத்து.

முதலில், வந்திருப்பது நோயல்ல. புதுத் தொட்டியில் மீனின் கழிவும் மிஞ்சிய தீனியும் அழுகி அம்மோனியா உண்டாகிறது. அது மீனுக்கு விஷம். ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட் ஆக்குகிறது. இன்னொரு வகை அதை நைட்ரேட் ஆக்குகிறது. இந்தப் பாக்டீரியாக்கள் கல்லிலும் மணலிலும் குடியேறிப் பெருகச் சாதாரணமாக நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். பழுப்பாகப் படிந்தது டயாட்டம் என்னும் நுண்பாசி. புது மணலிலும் குழாய்த் தண்ணீரிலும் உள்ள சிலிக்கேட்டைத் தின்று வளர்ந்து, அது தீர்ந்ததும் பெரும்பாலும் தானே மறைந்துவிடும். அதன்பின் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் உண்டு பச்சைப் பாசி வருகிறது. சில தொட்டிகளில் சிவப்பாக, வழவழவென்று ஏடு போலவும் படியும். அது பாசியே அல்ல, ஒரு வகை பாக்டீரியா. ஏறக்குறைய எல்லாப் புதுத் தொட்டிக்கும் இந்த வரிசை உண்டு. படங்களில் நாம் பார்த்து மயங்கும் தொட்டிகள் பல ஆண்டு வயதானவை. ஐந்து வாரத் தொட்டியை அவற்றோடு ஒப்பிடுவது, தவழும் குழந்தையை ஓட்டப் பந்தயத்தில் விடுவது போல.

கொட்டிக் கழுவலாம் என்பவர்களுக்கு என் பதில் இதுதான். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கிறது. அதில் கல்லைத் தேய்த்துக் கழுவினால் ஐந்து வாரமாகச் சேர்ந்த பாக்டீரியா போய்விடும். பழையபடி முதல் நாள். மறுபடி பழுப்பு, மறுபடி பச்சை, இம்முறை நடுவில் அம்மோனியாவில் மாட்டிக்கொள்ள இரண்டு மீன்கள் வேறு. உறை ஊற்றிய பாலை மணிக்கொரு தரம் கிளறிப் பார்த்தால் தயிர் எப்படித் தோயும்? பொங்கலுக்கு வீடு வெள்ளையடிக்கும் நமக்கு, தேய்த்துக் கழுவாமல் விடுவது கொஞ்சம் கஷ்டம்தான்.

மருந்து யோசனை இதைவிட மோசம். பாசிக்கொல்லிகள் பலவற்றில் தாமிரம் இருக்கிறது. நத்தை, இறால் போன்றவற்றுக்கு அது எமன். கல்லும் மணலும் அதை உறிஞ்சி வைத்துக்கொண்டு பின்னால் சிறிது சிறிதாகக் கக்கும். அப்படியே பாசி செத்தாலும் எங்கே போகும்? அங்கேயே அழுகி, தான் தின்ற நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் தண்ணீருக்கே திருப்பிக் கொடுக்கும். அழுகும்போது தண்ணீரிலுள்ள ஆக்சிஜனையும் குறைக்கும். அடுத்த மாதம் இன்னொரு பாட்டில். கடைக்காரருக்கு இதில் நஷ்டமில்லை.

பாசி எதைத் தின்கிறதோ அதைக் குறைப்பதுதான் வழி. நம் தொட்டி 3 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம்; சுமார் 190 லிட்டர். இதில் வாழ்வன விரல் நீள மீன் இரண்டு. ஞாயிறன்று வகுப்புக்கு வரும் பிள்ளைகள் ஒவ்வொருவரும் ஆளுக்கொரு சிட்டிகை தீனி போடுகிறார்கள். அழைத்து வரும் பாட்டிமார்களும், "பாவம், வாயைத் திறந்து திறந்து மூடுது, பசி போல" என்று தங்கள் பங்கைச் சேர்க்கிறார்கள். மீன் வாயைத் திறந்து மூடுவது மூச்சு விடுவதற்கு! இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு, நாளுக்கு ஒரு முறை போதும். வந்தவரைச் சாப்பிடாமல் அனுப்பாத நம் பண்பாட்டை மீன் விஷயத்தில் சற்றுத் தளர்த்திக்கொள்ளலாம்.

அடுத்தது தண்ணீர். வற்றுவதை ஈடுகட்டக் குழாய்த் தண்ணீரை ஊற்றி வருகிறார்கள். தூத்துக்குடி உப்பளம் பார்த்தவர்களுக்கு விளக்கவே வேண்டாம்: ஆவியாவது தண்ணீர் மட்டும், கரைந்திருப்பதெல்லாம் பாத்தியிலேயே தங்கும். வற்றியதற்கு உப்பில்லாத தண்ணீர்தான் ஊற்ற வேண்டும், அது சரியே. ஆனால் குழாய்த் தண்ணீரிலுள்ள சிலிக்கேட்டும் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் ஒவ்வொரு குடத்தோடும் சேர்ந்துகொண்டே போகும். ஆர்.ஓ. தண்ணீர் வேண்டும். வீட்டு ஆர்.ஓ. கருவிகள் பலவற்றில் ருசிக்காகக் கொஞ்சம் சாதாரணத் தண்ணீரைக் கலக்கும் அமைப்பு உண்டு. குடிக்க நல்லது, தொட்டிக்கு ஆகாது. டி.டி.எஸ். மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. அதன் அளவு பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டும்.

வாரம் ஒரு முறை 20 லிட்டரை எடுத்துவிட்டுப் புது உப்பு நீர் சேர்த்தால் நைட்ரேட் குறையும். 20 லிட்டருக்குச் சுமார் 700 கிராம் கடல் உப்புக் கலவை ஆகும். சமையல் உப்பே போதாதா என்று ஒருவர் கேட்டார். போதாது, கடல்நீரில் கால்சியம், மக்னீசியம் முதலியனவும் இருக்கின்றன. ஜுஹுவில் கடல் இருக்கும்போது உப்பை எதற்கு வாங்குவது என்று இன்னொருவர் கேட்டார். மும்பையின் சாக்கடை எங்கே போய்க் கலக்கிறது என்பதை அவர் யோசிக்க வேண்டும்.

விளக்கு காலை ஏழு மணிக்குக் கதவு திறந்ததும் எரிகிறது, இரவு ஒன்பதுக்கு அணைகிறது. பதினான்கு மணி நேரம்! எட்டு மணி நேரம் போதும். போதாக்குறைக்குக் கிழக்கு ஜன்னல் வெயில் வேறு நேராக விழுகிறது. அதற்கு ஒரு திரை போட்டால் ஆயிற்று. வளர்ந்திருக்கும் பச்சை முடியைக் கையாலேயே பிடுங்கலாம், பழைய டூத் பிரஷ் கொண்டு தேய்த்துக் குழாயால் உறிஞ்சி எடுக்கலாம். பாசி மேயும் நத்தை ஐந்தாறு விடலாம். ஐம்பது வேண்டாம், பாசி தீர்ந்ததும் பட்டினியில் சாகும்.

பாசியை மேய ஆளில்லாவிட்டால் என்ன ஆகும் என்பதைக் கடலே காட்டியிருக்கிறது. 1983-இல் கரீபியன் கடலில் ஒரு நோய் பரவி, உடம்பெல்லாம் முள்ளாக இருக்கும் கடல் முள்ளெலிகள் ஏறக்குறைய முழுதும் அழிந்தன. ஜமைக்காவில் கிளிமீன் போன்ற மேய்ச்சல் மீன்களை ஏற்கெனவே வலைபோட்டு அள்ளிவிட்டிருந்தார்கள். மிஞ்சியிருந்த முள்ளெலியும் போனதும் பவளத் திட்டுகளைப் பாசி மூடிக்கொண்டது. 1970-களின் இறுதியில் பாதியளவு இடத்தை மூடியிருந்த உயிர்ப் பவளம், 1990-களின் தொடக்கத்தில் ஐந்து விழுக்காட்டுக்கும் கீழே போயிற்று. இதனால் பாசியைப் பவளத்தின் விரோதி என்று சொல்லிவிடவும் முடியாது. பவளப் பூச்சியின் சதைக்குள்ளேயே ஒற்றைச் செல் பாசி வாழ்கிறது. வெயிலில் அது சமைத்துத் தருவதே பவளத்துக்குப் பெரும்பங்கு உணவு. கடல் அதிகம் சூடானால் அந்தப் பாசி வெளியேறி, பவளம் வெளுத்துப் பட்டினி கிடக்கிறது. மன்னார் வளைகுடாவில் 1998, 2010, 2016 ஆண்டுகளில் இது நடந்தது.

இராமேசுவரத்துக் கல் பேச்சு எனக்கு உறுத்துவதும் இதனால்தான். இராமேசுவரத்திலிருந்து தூத்துக்குடி வரையுள்ள 21 தீவுகளும் அவற்றைச் சுற்றியுள்ள திட்டுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. சுண்ணாம்புக்காகப் பல்லாண்டுகள் அங்கே பவளக்கல் வெட்டினார்கள். இரண்டு தீவுகள் நீருக்குள் போனதற்கு அது ஒரு முக்கியக் காரணமாகச் சொல்லப்படுகிறது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், பாறை கட்டும் பவளங்கள் 2001-இல் சேர்க்கப்பட்டன. புலிக்கு உள்ள பாதுகாப்பு அவற்றுக்கும் உண்டு. மீறினால் மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறை. "ஒரு சின்னக் கல்தானே" என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னதாகக் கேள்வி. நூலகத்தில் வைக்க ஒரு சின்னப் புலித்தோல் வாங்கலாமா என்று அவரிடம் கேட்க வேண்டும். ஊர்க் கடலைப் பிள்ளைகளுக்குக் காட்டத்தானே தொட்டியே வைத்தோம்? இப்போதுள்ள செயற்கைக் கல்லே போதும். பாக்டீரியா அதில் குடியேறாமல் இல்லை. பார்க்க அழகாக இல்லை என்றால் ஓர் ஆண்டு கழித்துப் பார்க்கட்டும்.

செயற்குழுவிடம் என் வேண்டுகோள்: ஆறு மாதம் தொட்டியை அப்படியே விடுங்கள். தீனி டப்பாவை நூலகரின் மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டிவிடலாம். முறை வைத்து நாளுக்கு ஒரு பிள்ளை போடட்டும். வாரந்தோறும் தண்ணீர் மாற்றும் வேலையை நான் ஏற்றுக்கொள்கிறேன். வாளி பிடிக்க இரண்டு பேர் வேண்டும். ஞாயிறு வகுப்பில் எட்டாம் வகுப்புக்கு மேல் படிக்கும் பிள்ளைகள் யாராவது முன்வந்தால், பாசி எந்த வாரம் எந்த நிறத்தில் எங்கே இருந்தது என்று எழுதிவைக்க ஒரு நோட்டும் வாங்கித் தருகிறேன்.